கம்பி கட்டுவதற்கு முன்: ரேடியோ அலை எந்த வழியாக வருகிறது?

வாசகர் கேள்வி: அப்பா வைத்திருந்த மூன்று பேண்ட் ரேடியோவைப் பழுது பார்த்து வாங்கி வந்திருக்கிறேன். மத்திய அலையில் (மீடியம் வேவ்) பகலில் ஒரே ஒரு நிலையம்தான் கேட்கிறது. இருட்டியதும் புரியாத மொழிகளில் ஐந்தாறு நிலையங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு வருகின்றன. பகலில் தெளிவாக இருந்த நிலையமும் அப்போது ஏறி இறங்குகிறது. எஃப்.எம். ஜன்னலருகே அருமையாக இருக்கிறது, இரண்டடி தள்ளி மேசைக்குக் கொண்டுவந்தால் கரகரப்பு. ஏரியலைக் கையால் பிடித்தால் சரியாகிவிடுகிறது. மொட்டை மாடியில் நீளமாக ஒரு கம்பி கட்டினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார் பழுது பார்த்தவர். ரேடியோவில் கோளாறா? கம்பி கட்டலாமா?

ரேடியோவில் கோளாறு இல்லை. நீங்கள் சொல்லும் ஒவ்வொரு குறையும், ரேடியோ ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். கம்பியை இப்போதைக்குக் கட்ட வேண்டாம். அது மூன்று பேண்டில் ஒன்றுக்குத்தான் பெரிதாக உதவும். அதுவும் நீங்கள் குறையே சொல்லாத சிற்றலைக்கு (ஷார்ட்வேவ்)!

மூன்று பேண்டும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் மூன்றும் ஒரே மாதிரி வந்து சேர்கின்றன என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படியில்லை. மத்திய அலை தரையைத் தடவிக்கொண்டு வருகிறது. சிற்றலை வானத்தில் மோதித் திரும்பி வருகிறது. எஃப்.எம். நேர்கோட்டில் வருகிறது. ஏன் இந்த வேறுபாடு என்று தெரிந்தால், எங்கே கை வைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஒலிபரப்புக் கோபுரத்தில் மின்னோட்டம் நொடிக்குப் பல லட்சம் முறை மேலும் கீழும் ஆடுகிறது. அந்த ஆட்டம் மின்புலமும் காந்தப்புலமுமாகச் சுற்றிலும் பரவுகிறது. அதுதான் ரேடியோ அலை. இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று 1860களில் இயற்பியலாளர் மாக்ஸ்வெல் கணக்குப் போட்டுச் சொன்னார். 1887, 1888இல் ஹெர்ட்ஸ் அதை ஆய்வகத்தில் செய்து காட்டினார். தமிழில் ‘காற்றலையில் வருகிறது’ என்று அழகாகச் சொல்கிறோம், ஆனால் காற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒலிக்குத்தான் காற்று வேண்டும். ரேடியோ அலை காற்றே இல்லாத வெளியிலும் நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போகும். நிலவுக்குப் போய்ச்சேர ஒன்றேகால் நொடிக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

ஒரே ஒரு கணக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்குப் பத்து லட்சம் ஆட்டம் என்றால் ஒரு மெகாஹெர்ட்ஸ். 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலையின் நீளம் மீட்டரில் வரும். உங்கள் முள் மத்திய அலையில் 1000 கிலோஹெர்ட்ஸில், அதாவது 1 மெகாஹெர்ட்ஸில் நின்றால் அலையின் நீளம் 300 மீட்டர். சிற்றலையில் 10 மெகாஹெர்ட்ஸ் என்றால் 30 மீட்டர். எஃப்.எம்.மில் 100 மெகாஹெர்ட்ஸ் என்றால் 3 மீட்டர். உங்கள் பிரச்சினைகளில் பாதி இந்த நீளங்களிலேயே அடங்கியிருக்கிறது.

முதலில் மத்திய அலை. 300 மீட்டர் நீளமுள்ள அலைக்கு ஒரு வீடோ சிறு குன்றோ பெரிய தடையே இல்லை. தரையை ஒட்டி, பூமியின் வளைவோடு சேர்ந்து வளைந்து வருகிறது. தரை அதில் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றலைக் குடித்துவிடும். வறண்ட மணலும் பாறையும் நிறையக் குடிக்கும், உப்புக் கடல் மிகக் குறைவாகக் குடிக்கும். அதனால்தான் கடலைத் தாண்டி வரும் நிலையங்கள் பகலிலும் ஓரளவு கேட்கும். உங்களுக்குப் பகலில் கேட்கும் அந்த ஒரே நிலையம் இப்படித் தரைவழியாக வருவது.

கோபுரத்திலிருந்து வானத்தை நோக்கியும் அலை போகிறது. பகலில் அது என்ன ஆகிறது? இங்கேதான் உங்கள் கேள்வி, கம்பியில்லாத் தந்தியின் முன்னோடி மார்க்கோனியின் கேள்வியாகிறது. அவர் 1901 டிசம்பரில், இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து அனுப்பிய சைகையை அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் நியூஃபவுண்ட்லாந்தில் கேட்டதாக அறிவித்தார். பூமி உருண்டையாயிற்றே, நேராகப் போகும் அலை எப்படி வளைந்தது என்று பலரும் நம்பவில்லை. அடுத்த பிப்ரவரியில் ‘பிலடெல்பியா’ என்ற கப்பலில் போய்க்கொண்டே கேட்டுப் பார்த்தார். பகலில் சுமார் 1,100 கிலோமீட்டரிலேயே சைகை நின்றுபோனது, இரவில் 3,000 கிலோமீட்டரைத் தாண்டியும் வந்தது. காரணம் அவருக்கும் புரியவில்லை. அதே 1902இல் கென்னலி, ஹெவிசைட் என்ற இருவர் தனித்தனியே, உயரத்தில் மின்சாரம் கடத்தும் அடுக்கு ஒன்று இருக்க வேண்டும் என்றார்கள். 1924இல் ஆப்பிள்டன் அது இருப்பதைச் சோதனையில் காட்டினார், உயரத்தையும் அளந்தார். அதற்கும் அதன் தொடர்ச்சியான ஆய்வுகளுக்கும் 1947இல் நோபல் பரிசு கிடைத்தது.

அதுதான் அயனி மண்டலம். சூரியனின் புறஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் மேலே உள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கின்றன. 60லிருந்து 90 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள கீழடுக்குக்கு டி அடுக்கு என்று பெயர். இதுதான் வில்லன். அங்கே காற்று இன்னும் ஓரளவு அடர்த்தியாக இருக்கிறது. மத்திய அலை வந்து எலக்ட்ரானை ஆட்டினால், அது பக்கத்து மூலக்கூறுகளில் இடித்து, வாங்கிய ஆற்றலை வெப்பமாக்கிவிடும். மேலே போன அலை திரும்பி வருவதே இல்லை. சூரியன் மறைந்ததும் இந்த அடுக்குக்குத் தீனி நின்றுவிடுகிறது. எலக்ட்ரான்கள் அணுக்களோடு மறுபடி சேர்ந்து, சிறிது நேரத்தில் அடுக்கே காணாமல் போகிறது. அதற்கும் மேலே, காற்று மிக மெலிந்த இடத்தில் உள்ள அடுக்குகள் மட்டும் இரவிலும் நிற்கும். மத்திய அலை அங்கே போய் வளைந்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் இறங்குகிறது. உங்கள் புரியாத மொழி விருந்தாளிகள் அப்படி வந்தவர்கள்தான்.

உள்ளூர் நிலையம் ஏறி இறங்குவதும் இதனால்தான். இரவில் அதே நிலையம் உங்களுக்கு இரண்டு வழியாக வருகிறது, ஒன்று தரைவழி, இன்னொன்று வான்வழி. மேலடுக்கு அசைந்துகொண்டே இருப்பதால் வான்வழியின் தூரம் கூடிக் குறைகிறது. இரண்டும் ஒத்துப்போனால் ஒலி ஏறும், எதிரெதிராக வந்தால் அமுங்கும். உங்கள் வீடு கோபுரத்திலிருந்து இரண்டு அலைகளும் ஏறக்குறைய சமபலமாகும் தூரத்தில் இருக்கிறது போலும். கோபுரத்தின் அருகிலேயே இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இருக்காது.

இதற்கு வைத்தியம் கம்பி இல்லை. ரேடியோவைத் திருப்புங்கள், போதும். மத்திய அலையைப் பிடிப்பது நீங்கள் இழுத்து நீட்டும் ஏரியல் அல்ல. பெட்டிக்குள், பெரும்பாலும் நீளவாக்கில், செப்புக் கம்பி சுற்றிய கறுப்பு ஃபெரைட் தண்டு ஒன்று கிடக்கும். பழுது பார்த்தவர் அதை நிச்சயம் பார்த்திருப்பார், சொல்லத்தான் மறந்துவிட்டார். அந்தத் தண்டின் முனை கோபுரத்தைச் சுட்டினால் நிலையம் மங்கும், பக்கவாட்டைக் காட்டினால் உரக்கக் கேட்கும். மேசையில் வைத்து மெதுவாக ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். இரண்டு நிலையங்கள் மோதும்போது, வேண்டியதை உரக்கக் கேட்பதைவிட வேண்டாததை மங்க வைக்கும் கோணத்தைத் தேடுவதுதான் கெட்டிக்காரத்தனம். மங்கும் கோணம் குறுகலானது, கூர்மையானது. ஆனால் வானத்திலிருந்து சாய்ந்து வரும் அலைக்கு இந்த வித்தை பாதிதான் பலிக்கும். மீதியை சகித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பகலில் ஒரே நிலையம்தானா என்ற சந்தேகத்தையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். ரேடியோவில் பேட்டரி போட்டு, வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு கேளுங்கள். எல்.இ.டி. விளக்கு, சார்ஜர், கணினி எல்லாம் மத்திய அலையில் இரைச்சலைக் கொட்டுபவை. நான் ஒரு ரேடியோவை மூன்று நாள் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன், கடைசியில் குற்றவாளி அதே மேசையில் செருகியிருந்த செல்போன் சார்ஜர்! இரைச்சல் அடங்கியதும் பகலிலேயே இன்னும் ஒன்றிரண்டு நிலையங்கள் எட்டிப்பார்க்கலாம்.

சரி, எஃப்.எம்.முக்கு வருவோம். 100 மெகாஹெர்ட்ஸ் அலையை அயனி மண்டலம் பொதுவாகத் திருப்பி அனுப்பாது, அது துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். தரையோடும் வளைந்து வராது. ஆகவே கிட்டத்தட்ட கண்ணுக்கு எட்டும் தூரம்தான் அதன் எல்லை. காற்று மண்டலம் அதைக் கொஞ்சம் வளைப்பதால் எல்லை சற்றுக் கூடும். உயரத்தின் வர்க்கமூலத்தை 4.1ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும். கோபுரம் 100 மீட்டர் என்றால் 41 கிலோமீட்டர். உங்கள் ஏரியல் 9 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதன் பங்கு 12. மொத்தம் 53. அதற்குப் பிறகு ஒரேயடியாக அறுந்துவிடாது, வேகமாக மங்கும். கம்பியின் நீளம் இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை, பாருங்கள். எஃப்.எம்.முக்கு வேண்டியது உயரம்.

ஜன்னலுக்கும் மேசைக்கும் உள்ள வித்தியாசம் இன்னும் சுவாரசியமானது. அலை நேராகவும் வருகிறது, சுவரிலும் பீரோவிலும் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகளிலும் பட்டுத் தெறித்தும் வருகிறது. இவை ஓர் இடத்தில் சேர்ந்து வலுக்கும், இன்னோர் இடத்தில் ஒன்றையொன்று அழிக்கும். 3 மீட்டர் அலைக்கு வலுத்த இடத்துக்கும் அழிந்த இடத்துக்கும் உள்ள இடைவெளி முக்கால் மீட்டர் அளவிலேயே இருக்கலாம். நீங்கள் சொன்ன இரண்டடி ஏறக்குறைய அதுதான்! எனவே மேசையை மாற்ற வேண்டாம். ரேடியோவை மேசையிலேயே ஒரு சாண் ஒரு சாணாக நகர்த்திப் பாருங்கள், நல்ல இடம் ஒன்று அகப்படும். வைஃபை அலைகளில் ஒரு வகை 12 சென்டிமீட்டர் சுமாருக்கு இருப்பதால், அங்கே இதே விளையாட்டு இரண்டு விரல் அகலத்தில் நடக்கிறது.

கையால் பிடித்தால் சரியாவது ஏன்? உப்பும் நீரும் நிறைந்த உடம்பு மின்சாரம் கடத்தும். பிடித்த கணத்தில் நீங்களே ஏரியலின் ஒரு பகுதி. ஆட்கள் நகர்ந்தால்கூட எஃப்.எம். மாறுவதைக் கவனித்திருப்பீர்கள். ஏரியலை முக்கால் மீட்டருக்கு, அதாவது அலையின் கால் பங்குக்கு நீட்டுங்கள். உங்கள் ரேடியோவில் அவ்வளவு நீளமில்லை என்றால் முழுவதும் இழுத்துவிடுங்கள். நட்டமாகவே வைக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. சில கோபுரங்கள் அலையைக் கிடைமட்டமாக அனுப்புகின்றன, அதனால் படுக்க வைத்தும் சாய்த்தும் பாருங்கள். ஒருவேளை கோபுரம் மிக அருகில் இருந்து எல்லா நிலையமும் குழம்பினால், அப்போது ஏரியலை மடக்குவதுதான் மருந்து. இத்தனையும் செய்து பலிக்கவில்லையென்றால் மட்டும் எஃப்.எம்.முக்கென்றே செய்த ஆன்டெனாவை உயரத்தில் வைப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

மிஞ்சியிருப்பது சிற்றலை. அதற்குக் கம்பி கைகொடுக்கும். ஆனால் மாடி வேண்டியதில்லை. ஐந்தாறு மீட்டர் உறையிட்ட ஒயரை அறைக்குள்ளேயே ஜன்னலோரமாக ஓட்டி, உறை நீக்கிய நுனியை ஏரியலில் ஒரு கிளிப்பால் கவ்வ வைத்தால் முதல் நாளே வித்தியாசம் தெரியும். பகலில் 13 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே தேடுங்கள், இருட்டிய பின் 10க்குக் கீழே. சூரியன் சீறும் நாள்களில் பகல் நேரத்துச் சிற்றலை திடீரென்று ஊமையாகிவிடும், அதற்காக ரேடியோவை மறுபடி பழுதுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

அப்புறமும் மாடியில்தான் கட்டுவேன் என்றால், மின்கம்பிக்கு மேலேயோ கீழேயோ போகாமல், அறுந்து விழுந்தாலும் அதைத் தொடாத தூரத்தில் கட்டுங்கள். மின்னல் அந்தக் கம்பியின் மேலேயே விழ வேண்டும் என்பதில்லை, பக்கத்தில் எங்காவது விழுந்தாலே ரேடியோவைக் கருக்கும் அளவுக்கு மின்னழுத்தம் ஏறலாம். இடிச்சத்தம் கேட்ட பிறகு கழற்றப் போகாதீர்கள். கேட்டுமுடித்ததும் ஒவ்வொரு நாளும் கிளிப்பைக் கழற்றி, ஒயர் நுனியை வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.