பொருள்கள்மீது ஆசைப்படுவது தவறா? சுங்கை சிப்புட் தம்பிக்கு ஒரு தவணைக் கணக்கு

கேள்வி கேட்டவருக்கு வயது 23. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர், இப்போது தொழிற்சாலை வேலை. ஒரு ஒய்15 மோட்டார் (யமஹா மோட்டார் சைக்கிள்), அம்மாவுக்கு ஒரு தங்கச் சங்கிலி, வீட்டுக்குப் பெரிய டிவி வேண்டும் என்கிறார். வீட்டிலும் கோயிலிலும் "பேராசை பிடித்தவன்" என்று திட்டு. ஆசைப்படுவது தவறா என்று கேட்கிறார்.

தவறில்லை தம்பி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே கருத்துப் பகுதியில் வந்து "போதுமென்ற மனமே பொன்செய்யும் மருந்து" என்று எழுத நாலு பேர் காத்திருப்பார்கள். அவர்கள் சொந்த வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறார்களா, வாடகை வீட்டிலா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

தோட்டத்து ஜனங்கள் பேரில் எதுவுமே இருந்ததில்லை. லயத்து வீடு கம்பெனி வீடு. வேலை போனால் வீடும் போகும். மாட்டுக் கொட்டகை, பின்கட்டில் போட்ட கீரைப் பாத்தி, பல இடங்களில் கோயில் நின்ற நிலம்கூடக் கம்பெனி கிராண்டில்தான் (உரிமைப் பத்திரத்தில்தான்). தோட்டம் கைமாறி ஆள் குறைத்தால், 1980ஆம் ஆண்டு பணிநீக்க விதிகளின்படி ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் வேலை செய்தவருக்கு வருஷத்துக்கு 20 நாள் சம்பளம். இருபது வருஷம் பால்மரம் வெட்டியவருக்கு, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவருக்கு, 400 நாள் சம்பளம். அதோடு லாரியில் ஏற்ற முடிந்த கட்டில், பீரோ, தையல் மிஷின், சாமி படம். அந்த லாரியில் ஏறிப் போனவரின் பேரனுக்கு "என் பேரில் ஏதாவது இருக்க வேண்டும்" என்று தோன்றினால், அதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் ஊர்க்காரர், அன்றைய அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது எதற்கு? தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலம் அது. தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் பங்கு சேர்த்தார்கள். அந்தக் காசில் தோட்டம் வாங்கினார்கள்; முதலில் வாங்கியது கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம். வெட்டின மரமே எனக்கு வேண்டும் என்பதைவிடப் பெரிய பொருளாசை உண்டா? ஆக, ஆசைக்கு மன்னிப்புக் கேட்க வேண்டாம். வாங்குகிற விதத்துக்கு வருவோம். ஆசை கெடுவது கடைக்காரன் மேசையில், கையெழுத்துப் போடும் இடத்தில்தான்.

மோட்டாரில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மூன்றில் அதுதான் கழுத்தை நெரிக்கும்.

கணக்குக்கு எளிதாக மோட்டார் விலை 8,000 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். "டெபாசிட் வேண்டாம், மாதம் 200தான்" என்பார்கள். 10 விழுக்காடு ஃபிளாட் வட்டி, 5 வருஷம்: வருஷத்துக்கு 800 வீதம் வட்டி 4,000. மொத்தம் 12,000, அறுபது மாதத்துக்கு 200. பார்க்கச் சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி மட்டும் முழு 8,000க்கும் போட்டது போட்டபடி நிற்கிறது. உண்மையான வட்டி வருஷத்துக்கு 17 விழுக்காட்டுக்கு மேல் போகிறது. முதல் மாதங்களில் கட்டும் 200இல் பாதிக்கு மேல் வட்டிக்கே போகும். அதனால்தான் 30 மாதம் கழித்து, 6,000 வெள்ளி கட்டியான பிறகு, "மொத்தமாக முடித்துக்கொள்கிறேன்" என்று போனால் இன்னும் 4,900 வெள்ளி அளவில் கேட்பார்கள். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்குப் போகாதீர்கள். கணக்கே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

இதையே மாற்றிச் செய்து பாருங்கள். மோட்டார் எடுப்பதற்கு முன்பே, எடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மாதம் 200ஐத் தனிக் கணக்கில் போடுங்கள். பத்து மாதத்தில் 2,000 டெபாசிட் தயார். மிச்சம் 6,000க்கு 3 வருஷக் கடன்: வட்டி 1,800, மாதம் 217. பழைய முறையில் மோட்டாருக்கு மொத்தம் 12,000 போகிறது. இந்த முறையில் 9,800. காத்திருந்த பத்து மாதத்தையும் சேர்த்தால்கூட 46 மாதத்தில் முடிந்துவிடும். இதில் இன்னொரு லாபம், அந்தப் பத்து மாதத்தில் 200 ஒதுக்க முடியாமல் எத்தனை முறை தடுக்கியது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். இரண்டு மாதம் தவறினால் அந்தத் தவணை உங்கள் சம்பளத்துக்கு ஆகாது. கடன் எடுத்த பிறகு அது தெரிந்தால் நோட்டீஸ்தான் வரும்.

"டெபாசிட் வேண்டாம்" என்பதையும் நம்பாதீர்கள். தவணையில் பொருள் எடுப்பதற்கான 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி ரொக்க விலையில் பத்தில் ஒரு பங்காவது முன்பணம் கட்டியாக வேண்டும். கட்டவில்லை என்றால், கட்டியதாகத் தாளில் காட்டி விலையை ஏற்றி எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். கடையில் முதல் கேள்வியாக "ரொக்கமாக எடுத்தால் எவ்வளவு?" என்று கேளுங்கள். கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தின் தலைப்பைப் படியுங்கள். வாடகைக் கொள்முதல் என்று இருந்தால் சட்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் நிற்கும்: தொடர்ந்து இரண்டு தவணை தவறினால்தான் வண்டியை இழுக்க முடியும், அதற்கும் 21 நாள் எழுத்து நோட்டீஸ் கொடுக்க வேண்டும், 75 விழுக்காடு கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு வேண்டும். தலைப்பில் கடன் கொடுப்போர் ஒப்பந்தம் என்று இருந்தால் கதை வேறு. அடமானம் இல்லாத கடனுக்கு வருஷத்துக்கு 18 விழுக்காடு, அடமானம் உள்ளதற்கு 12 என்பதுதான் சட்டம் போட்ட உச்சவரம்பு. ஏடிஎம் அட்டையைக் கொடுத்துவிட்டுப் போ என்றால் பேச்சு வளர்க்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

சம்பளக் கணக்கில் எல்லாரும் விழும் குழி ஓவர்டைம். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியில் சேமநிதிக்கு (ஓய்வுக்காலச் சேமிப்பு) 187, சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) அது இது போகக் கையில் 1,500 வரும். ஓவர்டைம் நன்றாக ஓடும் மாதத்தில் 2,300 தாளைக் காட்டிக் கடன் எடுப்பார்கள். ஆர்டர் குறைந்தால் ஓவர்டைம்தான் முதலில் வெட்டப்படும். தவணை குறையாது. தோட்டத்திலேயே வேலை செய்யும் அண்ணன் தம்பிகளுக்கும் இதே கதைதான்: பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் இலை உதிர்ந்து பால் சுருங்கும், செம்பனையிலும் வருஷ ஆரம்பத்தில் குலை குறையும், மழை நாளில் மரம் வெட்ட முடியாது. கடனுக்குக் காட்ட வேண்டிய சம்பளத்தாள், வருஷத்திலேயே மோசமான மாதத்துத் தாள்.

பிறகு காப்புறுதி. 150 சிசி வரை ரோட்டு வரி வருஷத்துக்கு 2 வெள்ளிதான், அதைப் பார்த்து மோட்டார் மலிவு என்று நினைக்கிறோம். கடைக் கடனில் எடுக்கும்போது பல வேளை மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் போட்டுக் கொடுப்பார்கள். அது நீங்கள் இடித்த ஆளுக்கு. வண்டி திருடு போனால் உங்களுக்கு ஒரு காசு வராது, ஆனால் மிச்சத் தவணை முழுசும் கட்ட வேண்டும். இளைஞர்களுக்குப் பிடித்த மோட்டார் திருடர்களுக்கும் பிடிக்கும். கடன் இருக்கும்வரை முழுக் காப்புறுதி எடுங்கள். குறைந்தது தீ, திருட்டு சேர்ந்ததாவது எடுங்கள். முன்சக்கரத்தை மட்டும் பூட்டிவிட்டுப் படுக்காதீர்கள். இரண்டு பேர் தூக்கி வேனில் போட்டுவிடுவார்கள். பின்சக்கரத்தையும் சட்டத்தையும் சேர்த்துச் சங்கிலி போட்டு, அசையாத தூணில் கட்டுங்கள்.

பராமரிப்பு பற்றிச் சுருக்கமாக: எண்ணெயை 3,000 கிலோமீட்டருக்குள் மாற்றுங்கள். இது தண்ணீர்க் குளிர்ச்சி இஞ்சின், கூலண்ட் அளவைப் பார்க்க மறக்காதீர்கள். செம்மண் ரோட்டில் ஓடினால் செயின் சீக்கிரம் தேயும். செயின் மட்டும் மாற்றினால் தேய்ந்த பல்சக்கரம் புதுச் செயினையும் தின்றுவிடும், செட்டாக மாற்ற வேண்டும். இதற்கெல்லாம் மாதம் ஒரு தொகை ஒதுக்காமல் தவணையை மட்டும் பார்த்து வாங்கியவர்களின் மோட்டார்தான் வழுக்கை டயரோடு ஓடுகிறது.

டயர் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். செம்பனை லாரிக்காரர்கள் வலை கட்டாமல் குலை ஏற்றிப் போகிறார்கள். வளைவுக்கு வளைவு உதிரிப்பழம் சிந்திக் கிடக்கும். மழையில் அது நசுங்கி எண்ணெய்ப் பிசுக்காகும், தோட்டத்து வாசலில் லாரி இழுத்து வந்த செம்மண் சேறும் அதோடு சேரும். மோட்டார்க்காரன் விழுந்தால் "வேகமாக வந்தான்" என்று எழுதி முடித்துவிடுவார்கள். லாரிக்கு வலை போடச் சொல்லி ஒருவரும் பேசமாட்டார்கள். கோயில் திருவிழாவில் பொன்னாடை போர்த்தி மேடை ஏற்றப்படும் பெரியவர்கள் இதை ஒரு தடவை கேட்டிருக்கலாம். சரி, விடுங்கள்.

சங்கிலிக்கு வருவோம். மூன்றில் எனக்குப் பிடித்த ஆசை இது. 916 முத்திரை என்றால் 91.6 விழுக்காடு தங்கம், 22 காரட். வாங்கும்போது தங்கத்துக்கும் கூலிக்கும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். கூலி கிராமுக்கு 30 வெள்ளி என்று வைத்தால் ஒரு பவுனுக்கு, அதாவது 8 கிராமுக்கு, 240. விற்கும்போது அது திரும்பாது. கல் வைத்த நகையில் கல்லின் எடையும் தங்க விலைக்குப் போகிறதா என்று கேளுங்கள். அம்மா தினம் போடுவதென்றால் வேலைப்பாடு குறைந்த, கெட்டியான, உள்ளே கூடு இல்லாத சங்கிலி நல்லது. கூடு போட்டது நசுங்கும், பற்றவைத்தால் மறுபடி விலை குறையும். ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கிலி வாங்கிய வீட்டில் அது அடகுக் கடைக்குப் போகும் நாளும் வரும். அனுமதி பெற்ற கடையில் மாதம் 2 விழுக்காடு வரை வட்டி, மீட்கக் கெடு பெரும்பாலும் 6 மாதம். 1,000 வெள்ளிக்கு மாதம் 20, ஆறு மாதத்துக்கு 120. அவசரத்துக்கு இது ஆலோங்கிடம் (அனுமதியில்லாத வட்டிக்காரனிடம்) போவதைவிட ஆயிரம் மடங்கு மேல். கெடுவது எங்கே என்றால், வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைப்பதில். இரண்டு வருஷம் அப்படி ஓட்டினால் 480 வெள்ளி கட்டியிருப்பீர்கள், அசல் ஆயிரம் அப்படியே இருக்கும். ஒவ்வொரு முறையும் அசலில் ஐம்பதாவது குறைத்து வையுங்கள்.

டிவிக்கு நீளமாகப் பேச ஒன்றுமில்லை. கடன் வேண்டாம். வாங்கிய மறுநாளே விலை இறங்கும் பொருளுக்கு 36 மாதம் வட்டி கட்டுவது முட்டாள்தனம். சேமநிதியில் 2024 மே மாதம் முதல் நெகிழ்வுக் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே, அதில் எடுக்கலாமா என்று கேட்பீர்கள். எடுக்க முடியும், 50 வெள்ளியிலிருந்து எப்போதும் எடுக்கலாம். டிவிக்கு எடுக்காதீர்கள். வேலை போன மாதம் மோட்டார்த் தவணை கட்ட அந்தப் பணம் வேண்டியிருக்கும்.

கூட்டு (சீட்டு) பிடித்து வாங்கலாம் என்று அக்காமார் யாராவது சொல்வார்கள். பத்துப் பேர், ஆளுக்கு 200, மாதம் ஒருவருக்கு 2,000. நம்பிக்கையான கூட்டுகளும் ஓடுகின்றன, இல்லை என்று சொல்லி யார் மனதையும் புண்படுத்த வரவில்லை. ஆனால் கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். முதலில் எடுத்தவர் மூன்றாம் மாதம் கட்டாமல் நின்றால், கடைசியில் எடுக்க வேண்டியவர் எந்தத் தாளைக் காட்டி எங்கே போவார்?

இனி பெயர் விஷயம். உங்கள் பேரில் பழைய பாக்கி இருந்து கடன் கிடைக்கவில்லை என்றால், "மாமா பேரில் எடு, நீ கட்டு" என்பார்கள். செய்யாதீர்கள். மாமாவாக நீங்கள் இருந்தாலும் செய்யாதீர்கள். தவணை தவறினால் நோட்டீஸ் மாமாவுக்கு, ரோட்டுச் சமன் (அபராத நோட்டீஸ்) மாமாவுக்கு, பின்னால் அவர் வீட்டுக் கடன் கேட்டுப் போனால் மறுப்பும் மாமாவுக்கு. மாமா காலமாகிவிட்டால் நீங்கள் முழுசாகக் கட்டி முடித்த மோட்டார் அவருடைய சொத்தாகத்தான் நிற்கும். அதை மாற்ற வாரிசுத் தாள் வேண்டும், அவர் பிள்ளைகள் எல்லாரும் சம்மதிக்க வேண்டும். பாக்கி சிக்கலாக இருந்தால் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கடன் ஆலோசனை அமைப்பு ஏகேபிகே இருக்கிறது, கடனைச் சீரமைத்துக் கொடுப்பார்கள், ஆலோசனைக்குக் காசு இல்லை.

உங்கள் பேரிலேயே எடுத்துக் கடைசித் தவணை கட்டிய அன்றும் வேலை முடிவதில்லை. மோட்டாரின் கிராண்டில் கடன் கொடுத்தவரின் உரிமைக் கோரிக்கை பதிவாகி இருக்கும். கடன் முடிந்த கடிதத்தை எழுத்தில் வாங்கி, ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறையில்) அந்தக் கோரிக்கை நீங்கிவிட்டதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். கடை மூடிப்போன பிறகு அந்தக் கடிதத்துக்கு அலைவது பெரிய தொல்லை. கடைசி ரசீதுவரை எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள், அச்சு மை மங்கும்.