முகத்தையும் மூடினால்தான் ஹிஜாபா?

கேள்வி: ஆய்வகம் ஒன்றில் வேலைக்குச் சேரவிருக்கிறேன். தலையை மூடிக்கொள்ள அங்கே தடையில்லை. ஆனால் முகத்தை மறைக்கக் கூடாது, கைகழுவும்போது முழங்கை வரை சட்டைக்கையை மடித்துவிட வேண்டும். முகம் மூடாதது ஹிஜாபே அல்ல என்கிறார் என் பெரியம்மா. நான் என்ன செய்வது?

பதில்: சகோதரி, உங்கள் பெரியம்மாவின் கருத்துக்கு மார்க்க அறிஞர்களிடையே இடமுண்டு, ஆனால் அது மட்டுமே தீர்ப்பு அல்ல.

குர்ஆனில் 'ஹிஜாப்' என்ற சொல் திரை, தடுப்பு என்ற பொருளில்தான் வருகிறது. பெண்களின் உடையைப் பற்றிப் பேசும் முக்கிய வசனங்கள் 24:31 (24-ஆம் அத்தியாயம், 31-ஆம் வசனம்), 33:59 ஆகியவை. முக்காட்டை முதுகுப் பக்கம் தொங்கவிட்டுக் கழுத்தும் மேல்மார்பும் தெரிய நடப்பது அன்றைய வழக்கமாக இருந்ததால், அதையே முன்னால் இழுத்து மார்பை மூடிக்கொள்ளுமாறு 24:31 பணித்தது என்று விரிவுரையாளர்கள் விளக்குகின்றனர். அவ்வசனம் அருளப்பட்டதும் பெண்கள் தங்கள் ஆடையின் ஓரங்களைக் கிழித்து முக்காடாக்கிக்கொண்டதை அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். தலை, கழுத்து, மார்பு விஷயத்தில் நான்கு மத்ஹபுகளும், அதாவது இஸ்லாமியச் சட்ட மரபுகளும், ஒன்றுபடுகின்றன.

கருத்து வேறுபாடு முழுவதும் அதே வசனத்தில் உள்ள 'வெளியே தெரிபவை தவிர' என்ற தொடரைச் சுற்றியே எழுந்தது. அது முகமும் மணிக்கட்டு வரையிலான கைகளும் என்பது நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் விளக்கம். மேலாடை என்பது மற்றொரு நபித்தோழரான இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் விளக்கம். ஹனஃபி, மாலிகி அறிஞர்கள் முன்னதை ஏற்றனர். ஷாஃபிஈ, ஹன்பலி மத்ஹபுகளில் பலர், அந்நிய ஆண்கள்முன் முகத்தையும் மூட வேண்டும் என்றனர். ஹஜ் பயணத்தில் ஒரு பெண் நபி (ஸல்) அவர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோது, வாகனத்தில் நபியவர்களுக்குப் பின்னால் அமர்ந்திருந்த இளைஞர் ஃபள்லு அவளையே பார்த்துக்கொண்டிருக்க, நபியவர்கள் தம் கையால் அவருடைய முகத்தை மறுபக்கம் திருப்பினார்கள். அவளை மூடச் சொல்லவில்லையே என்பது முதல் தரப்பின் வாதம். அவள் இஹ்ராம் எனும் ஹஜ் வழிபாட்டு நிலையில் இருந்தாள், அந்நிலையில் நிகாப் (முகத்திரை) கூடாது என்பது மறுதரப்பின் பதில். எந்தத் தரப்பை ஏற்றாலும், அங்கே முதலில் திருத்தப்பட்டது ஆணின் பார்வை என்பதை நாம் மறந்துவிடலாகாது. பார்வையைத் தாழ்த்துமாறு ஆண்களுக்கு இடப்பட்ட கட்டளை 24:30-இல், பெண்களுக்கான கட்டளைக்கு முன்பே நிற்கிறது.

ஆகவே முகம் திறந்து, தலையையும் கழுத்தையும் மார்பையும் மூடி, தளர்வான உடையுடன் நீங்கள் பணியாற்றுவதற்கு உறுதியான ஆதாரம் இருக்கிறது. பெரியம்மாவோடு இதற்காக மனக்கசப்பு வேண்டாம். அவரும் ஆதாரமுள்ள கருத்தையே பின்பற்றுகிறார்.

உங்கள் கேள்வியில் உண்மையில் கடினமானது முழங்கைதான். மணிக்கட்டுக்கு மேலே அந்நிய ஆண்கள்முன் திறக்கலாகாது என்பதே பெரும்பான்மைக் கருத்து. ரொட்டி சுடவும் துணி துவைக்கவும் பெண்கள் கையை மடிக்க நேர்வதைக் காரணம் காட்டி, ஹனஃபி மத்ஹபின் ஆரம்பகால அறிஞரான இமாம் அபூ யூசுஃப் இதில் சலுகை தந்ததாக ஹனஃபி நூல்களில் ஓர் அறிவிப்பு உண்டு. இருந்தாலும் அதை முதல் வழியாக நான் பரிந்துரைக்க மாட்டேன். பெண்களுக்கெனத் தனிக் கைகழுவுமிடமோ மறைப்போ கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். கழுவித் துடைத்ததும் சட்டைக்கையை இறக்கிவிட அனுமதி உண்டா என்றும் விசாரியுங்கள். இரண்டுக்கும் வழியில்லை என்றால், உங்கள் மத்ஹபை அறிந்த ஆலிம் (மார்க்க அறிஞர்) ஒருவரிடம் வேலையின் விவரத்தை முழுமையாகச் சொல்லித் தீர்ப்புக் கேளுங்கள்.