நாற்பது தண்டால் எடுப்பவருக்கு ஏன் இரண்டாவது புல்-அப் வருவதில்லை?

கேள்வி: எனக்கு வயது 19, எடை 62 கிலோ. ஒரே மூச்சில் 40 தண்டால் எடுக்கிறேன். கம்பியில் ஒரு புல்-அப்புக்கு மேல் வரவில்லை. 1.6 கிலோமீட்டரை 6 நிமிடம் 20 விநாடியில் ஓடுகிறேன். ராணுவத்தில் சேர்வதற்கான அக்னிவீர் உடற்தகுதித் தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கிறது. தண்டாலை நூறாக்கினால் புல்-அப் தானாக வரும் என்கிறார்கள் நண்பர்கள். தினமும் இரண்டு வேளை ஓடுவதால் முழங்காலுக்குக் கீழே எலும்பு வலிக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: நண்பர்கள் சொல்வது சரியல்ல. தண்டாலில் கைகள் தள்ளுவது உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான். உழைப்பவை மார்பும் தோளின் முன்பகுதியும் மேற்கையின் பின்தசையும். புல்-அப்பிலோ 62 கிலோவையும் முதுகின் இருபுறமும் விரிந்த தசைகளும், கையை மடக்கும் தசைகளும், விரல்பிடியும் சேர்ந்து மேலே இழுக்க வேண்டும். தள்ளும் தசையை எவ்வளவு வளர்த்தாலும் இழுக்கும் தசை வளராது. ஆகவே தண்டாலை வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைத்து, மிச்சமாகும் உழைப்பைக் கம்பிக்குக் கொடுங்கள். தேர்வில் 10 புல்-அப்புக்கு 40 மதிப்பெண், 6 எடுத்தால் 16 மதிப்பெண் என்னும்போது ஒவ்வொன்றும் எவ்வளவு பெறுமானம் உள்ளது என்பது விளங்கும்.

மேலே ஏற வலுவில்லாத உடலுக்கும் மெதுவாக இறங்க வலு உண்டு. பயிற்சியை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். முக்காலியில் ஏறி, தாடை கம்பிக்கு மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு, ஐந்து விநாடி எண்ணியபடி கை முழுதும் நீளும்வரை இறங்குங்கள். மும்மூன்று முறையாக நான்கு சுற்று, சுற்றுகளுக்கிடையே இரண்டு நிமிட ஓய்வு, ஒருநாள் விட்டு ஒருநாள் என மூன்று வாரம் செய்தால் போதும். சுற்றுகள் முடிந்ததும், முழங்கையை மடக்காமல் தோள்பட்டைகளை மட்டும் கீழே இழுத்தபடி இருபது விநாடி தொங்குங்கள். பலர் அலட்சியப்படுத்தும் இந்தத் தொங்கல்தான் தோள்மூட்டைக் காப்பாற்றுகிறது.

ஆட்டமில்லாமல் மூன்று புல்-அப் வந்த பிறகு முறையை மாற்ற வேண்டும். களைத்து விழும்வரை இழுக்காமல், உங்களால் முடிந்ததில் பாதியை மட்டும், நாளில் ஐந்தாறு வேளை, நல்ல இடைவெளி விட்டு, வாரத்துக்கு ஐந்து நாள் எடுங்கள். நான்கு முடியுமென்றால் ஒவ்வொரு வேளையும் இரண்டு. தசை வளர்வதற்கு முன்பே அதை ஒருசேர இயக்க நரம்புகள் பழகுகின்றன; களைப்பில்லாமல் அடிக்கடி செய்வதுதான் அதற்கு உதவும். முழங்கையின் உட்புறத்தில் வலி தோன்றினால் இரண்டு நாள் நிறுத்துங்கள், ஏனென்றால் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் தசையைவிட மெதுவாகத்தான் வலுப்பெறும். மூன்று மாதத்தில் பத்தை எட்டுவீர்கள் என்று நான் வாக்களிக்க மாட்டேன். ஆறு முதல் எட்டு என்பது நியாயமான எதிர்பார்ப்பு.

ஓட்டத்தைத் தொடங்குமுன் வலியைக் கவனிக்க வேண்டும். 1855-இல் பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், நெடுந்தூரம் நடந்த படைவீரர்களின் பாதத்தில் வீக்கத்தோடு வரும் வலியைப் பதிவு செய்தார். அது எலும்பில் விழுந்த மெல்லிய முறிவு என்பது எக்ஸ்ரே வந்த பிறகே தெரிந்தது. ஓட்டத்தைத் திடீரெனக் கூட்டும்போது, தேய்ந்த எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள அவகாசம் கிடைக்காததால் வருவது இது; முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பிலும் வரலாம். எலும்பின் மேல் விரலால் தொட்டுக் காட்டும்படி ஒரே புள்ளியில் வலித்தாலோ, ஒற்றைக்காலில் குதிக்கும்போது சுளீரென்றாலோ ஓட்டத்தை உடனே நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமல் போகலாம் என்பதால், எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் மீண்டும் ஓடிவிடாதீர்கள். எலும்பு நெடுகப் பரவலாக வலித்தால், தூரத்தைப் பாதியாக்கி மண் தரையில் ஓடலாம்.

வலி தணிந்தபின் வாரத்துக்கு மூன்று ஓட்டம் போதும். 60 மதிப்பெண் தரும் 5 நிமிடம் 30 விநாடி என்பது 400 மீட்டர் தடத்தில் சுற்றுக்கு 82.5 விநாடி, இப்போது நீங்கள் ஓடுவது 95. ஒருநாள் 400 மீட்டரை 90 விநாடியில் ஐந்து முறை, இடையே இரண்டு நிமிட நடையோடு ஓடி, அந்த நேரத்தை வாரத்துக்கு ஒரு விநாடி வீதம் குறைத்து வாருங்கள். இன்னொருநாள், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஐந்து கிலோமீட்டர். மூன்றாம் நாள் 800 மீட்டர் இரண்டு முறை. தேர்வில் வரும் ஒன்பது அடிப் பள்ளத் தாண்டலுக்கும், வளைந்து வளைந்து செல்லும் குறுகிய கட்டையில் நடப்பதற்கும் தேர்ச்சி மட்டுமே தேவை. வாரம் ஒருமுறை பழகினால் போதும்.

இழுக்கும் வலு தேர்வோடு முடியும் தேவையும் அல்ல. சேர்ந்த பிறகு வரும் சோதனைகளில் செங்குத்துக் கயிறு ஏறுவதும் உண்டு. பூட்ஸ் அணிந்த ஓட்டமும் காத்திருக்கிறது. அதனால்தான் எலும்பு வலியோடு முகாமுக்குள் நுழையக் கூடாது என்று வற்புறுத்துகிறேன்.

கடைசி மூன்று வாரங்களில், வாரம் ஒருநாள் 1.6 கிலோமீட்டரை முழு வேகத்தில் ஓடி முடித்து, சிறிது ஓய்வுக்குப் பின் கம்பியைப் பிடியுங்கள். ஓட்டத்துக்குப் பிறகுதான் கம்பிக்கு அழைப்பார்கள். களைத்த உடலோடு எத்தனை புல்-அப் வருகிறதோ அதையே உங்கள் கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள்.