குஷாலும் குசலமும்

அன்புள்ள ஐயா,

ஷார்ஜாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் வேன் ஓட்டுநர் பெஷாவர் பக்கத்துப் பட்டாணியர், பெயர் குஷால் கான். அர்த்தம் கேட்டால் "சந்தோஷமா இருக்கறவன்" என்கிறார். நாம் குசலம் விசாரிப்பது என்கிறோமே, அதே சொல்தானே? அறை நண்பரோ, அது கலப்பில்லாத பஷ்தூன் (பட்டாணியர்) பெயர் என்று சாதிக்கிறார். எது சரி?

வாசகர், ஷார்ஜா

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டுமே இல்லை. குசலம் சமஸ்கிருதம். வட இந்தியாவில் பிள்ளைகளுக்கு 'குஷல்' என்று வைப்பது அந்த வழியில் வந்தது. உங்கள் ஓட்டுநரின் பெயரில் 'குஷ்' பாரசீகம். நல்ல, இனிய என்று பொருள். 'ஹால்' அரபி, நிலை. இந்திக்காரர்கள் "க்யா ஹால் ஹை?" என்று கேட்கும் அதே ஹால். இரண்டும் சேர்ந்தால் நல்ல நிலையில் இருப்பவன். பேச்சில் நடு 'ஹ' கரைந்து குஷால் ஆகிவிட்டது. முதல் எழுத்தை 'கு' என்று நாம் எழுதுவது வேறு வழியில்லாமல்தான். அது தொண்டையில் உரசி வரும் ஒலி. ஆய்த எழுத்தை முன்னால் போட்டு 'ஃகு' என்று சொல்லிப் பார்த்தால் கொஞ்சம் கிட்டே போகலாம்.

"ஆள் செம குஷாலா இருக்கான்" என்று நம் ஊரில் சொல்வதும் இதே சொல்தான், உருது வழியாக வந்தது. இங்கே வந்ததும் அதில் உல்லாச வாடை ஏறிவிட்டது!

பஷ்தூன்களின் மொழியான பஷ்தோவின் வேரிலேயே பெயர் வேண்டுமென்றால் ஸ்மரய் (சிங்கம்), ஸல்மய் (இளைஞன்) என்று இருக்கின்றன. ஆனாலும் உங்கள் நண்பர் பேச்சை ஒரேயடியாகத் தள்ள முடியாது. பாரசீகமும் அரபியும் சேர்ந்த இந்தப் பெயரைப் பஷ்தூன் பெயராக்கியவர் ஒருவர் உண்டு: குஷால் கான் கட்டக். 1613இல் அகோராவில் பிறந்த கவிஞர், கட்டக் குலத்தின் தலைவர். அட்டோக்கிலிருந்து பெஷாவர் போகும் பாதையைக் காக்கும் பொறுப்பை அவருடைய முன்னோருக்குக் கொடுத்தவர் அக்பர். இவரும் ஷாஜகானுக்காகப் போரிட்டவர்தான். அப்புறம் ஔரங்கசீப் காலத்தில் எல்லாம் தலைகீழானது. 1664இல் பிடித்துக்கொண்டு போய் ராஜஸ்தானின் ரன்தம்போர் கோட்டையில் அடைத்தார்கள்.

எனக்கு இந்தப் பெயர் என்றாலே நினைவில் வருவது அந்தக் கோட்டைதான். 'நல்ல நிலையில் இருப்பவன்' என்று பெயர் வைக்கப்பட்டவர் அங்கே உட்கார்ந்து எழுதியது 'ஃபிராக் நாமா', பிரிவின் நூல். தலைப்பாகை கட்டத் தகுதியானவனுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லும் 'தஸ்தார் நாமா'வும் அந்தச் சிறைக் காலத்தில் பிறந்ததே. ஊர் திரும்பியபின் முகலாயரை எதிர்த்து எழுந்தார். பெற்ற மகன்களில் ஒருவனே முகலாயர் பக்கம் போய்ச் சேர்ந்தான். 1689இல் இறந்தார். முகலாயக் குதிரைகளின் குளம்புத் தூசி படாத இடத்தில் தன்னைப் புதைக்கச் சொன்னார் என்பார்கள். உருதுக் கவிஞர் இக்பால் அதை ஒரு கவிதையாகவே எழுதியிருக்கிறார். கராச்சிக்கும் பெஷாவருக்கும் நடுவே ஓடிய ஒரு ரயிலுக்கும் இவர் பெயர்தான்.

ஆகவே அங்கே ஒரு தகப்பன் மகனுக்குக் குஷால் என்று வைத்தால், அவன் மகிழ்ச்சியாக இருக்கட்டும் என்பதோடு, அந்தக் கிழவரின் வீறாப்பும் வரட்டும் என்று நினைத்திருப்பான்.

ஒன்று செய்யுங்கள். நாளைக்கு வேனில் ஏறும்போது "ஸ்தடய் ம ஷே" என்று சொல்லுங்கள். 'களைத்துப் போகாதிருப்பாயாக' என்று அர்த்தம். வழியிலும் வேலையிலும் இருப்பவரிடம் பஷ்தூன்கள் சொல்லும் முகமன். "ஃக்வார் ம ஷே" என்று அவர் பதில் சொல்வார். 'நொடித்துப் போகாதிருப்பாயாக.' கணக்கு எழுதுகிறவருக்குப் பொருத்தமான வாழ்த்துதான்.