குறி தப்பிய கணிப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகள், ஒரு மதிப்பீடு தவறிப்போனதைச் சொல்ல ஆங்கிலக் கட்டுரையில் 'ஆஃப் தி மார்க்' (off the mark) என்று எழுதினாள். பள்ளியில் அதை 'வைட் ஆஃப் தி மார்க்' (wide of the mark) எனத் திருத்தியிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே? 'குவிக் ஆஃப் தி மார்க்' (quick off the mark) மட்டும் எப்படிப் பாராட்டு ஆகிறது?

ஒரு வாசகி, தெம்பனிஸ்

அன்புள்ள வாசகிக்கு,

மகள் எழுதியது பிழையல்ல. ஆனால் பிரிட்டிஷ் வழக்கை ஒட்டிய நம் பள்ளி ஆங்கிலத்தில் 'ஆஃப் தி மார்க்' வேறு இடங்களிலும் புழங்குகிறது. ஓட்டப்பந்தயத்தில் புறப்படும் கோடும் 'மார்க்'தான். அதைவிட்டு விரைந்து கிளம்பியவர் 'குவிக் ஆஃப் தி மார்க்'. பாராட்டு அங்கிருந்து வருகிறது. கிரிக்கெட்டில் தம் முதல் ஓட்டத்தை எடுத்தவரையும் 'ஆஃப் தி மார்க்' என்பார்கள். 'வைட்' சேர்ந்துவிட்டால் குழப்பமில்லை. அங்கே 'மார்க்' வில்லாளியின் இலக்கு, அம்பு விலகிப் போய்விட்டது. திருத்தியவர் இந்தத் தெளிவை நினைத்திருக்கலாம்.

ஊகம், மதிப்பீடு, முன்கணிப்பு, விமர்சனம் ஆகியவற்றுக்கே 'வைட் ஆஃப் தி மார்க்' பொருந்தும். மண்டபத்துக்கு 200 பேர் வருவார்கள் என்று கணித்து 60 பேர் வந்தால் சொல்லலாம். வேண்டுமென்றே கூட்டிச் சொன்ன எண்ணுக்குச் சொன்னால், பொய்யை வெறும் கணக்குத் தவறாக்கிவிடும்.

மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில. 'வைட்லி' என்று எழுதக்கூடாது. தேர்வு மதிப்பெண் நினைவில் 'மார்க்ஸ்' என்று பன்மையாக்கவும் கூடாது. 'மதிப்பீடு' என்ற சொல்லுக்கு முன்னால் அடைமொழியாக ஒட்டாமல், வினைக்குப் பின் வைப்பதே இயல்பு. தவறு பெரிதென்றால் முன்னே 'வெல்' (well) சேர்க்கலாம். 'நாட் ஃபார் வைட் ஆஃப் தி மார்க்' (not far wide of the mark) என்று வந்தால் கவனம் தேவை: 'இல்லை' என்ற தொனி இருந்தாலும், ஏறக்குறையச் சரி என்பதே பொருள். மொழிபெயர்ப்பவர்கள்கூட இதில் தடுக்கி விழுகிறார்கள்.

இதே பொருளில் வரும் 'ஆஃப் பேஸ்' (off base) அமெரிக்கப் பேஸ்பால் தந்தது. பேச்சு வழக்கு என்பதால் பள்ளிக் கட்டுரையில் தவிர்ப்பது நல்லது.

தமிழில் இதற்கு ஒரு சொல்லைத் தேடி அலைய வேண்டாம். 'யானை பிழைத்தவேல்' என்னும் குறளில் 'பிழைத்த' என்பதற்கு இலக்குத் தவறிய என்றே பொருள். இன்றைய உரைநடைக்குக் 'குறி தப்பியது' போதும். வானிலைக் கணிப்பாக இருந்தால் 'பொய்த்தது' என்பேன். பணம், ஆள்கணக்கு என்றால் 'மதிப்பீடு வெகுவாகத் தவறிவிட்டது' என நேராக எழுதலாம்.