எட்டு மாதக் குழந்தைக்கு வீசிங்: இன்ஹேலர் கொடுக்கலாமா?

சகோதரி, எட்டு மாதப் பையனுக்குச் சளி பிடித்தாலே வீசிங் வருகிறது, டாக்டர் ஸ்பேசரோடு (இன்ஹேலரில் மாட்டும், மாஸ்க் வைத்த குழாய்) இன்ஹேலர் எழுதித் தந்தும் "பழகிவிடும்" என்று மாமியார் தடுக்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். பழகாது, தைரியமாகக் கொடுங்கள். மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் சிரப்பைவிடக் குறைந்த அளவே போதும். மாஸ்க் மூக்கையும் வாயையும் இடைவெளி இல்லாமல் மூடியிருக்க வேண்டும். இன்ஹேலரை அழுத்தியபின் குழந்தை ஐந்தாறு மூச்சு இழுக்கும்வரை எடுக்காதீர்கள். பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான்.

குளிப்பாட்டியதும் சாம்பிராணி காட்டுவதை நிறுத்துங்கள், மாமியார் முகம் சுளித்தாலும் சரி. கொசுவர்த்தியும் வேண்டாம். நெஞ்சில் கற்பூரத் தைலம் தேய்ப்பது இந்த வயதில் ஆபத்து. மூக்கடைத்திருந்தால் பால் கொடுக்குமுன் சலைன் (உப்புநீர்) சொட்டு மூக்கில் விடுங்கள். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள்.

அப்புறம், தூங்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக 60 விநாடி எண்ணுங்கள். 50 அல்லது அதற்கு மேல் போனால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், உதடு நீலம் பாரித்தால், பால் குடிக்க முடியாமல் திணறினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.