பேதுரு அழுத இடம்

அன்புள்ள ஐயா,

பேதுரு எழுதிய உலக முடிவு நூல் ஒன்று இருந்ததாகவும், திருச்சபை அதைத் திட்டமிட்டு ஒளித்துவிட்டதாகவும் யூடியூபில் ஒரு காணொளி பார்த்தேன். உண்மையா? அதில் வரும் நரகம் எங்கள் ஊர் கன்வென்ஷன் பிரசங்கங்களையே மிஞ்சிவிட்டது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நூல் இருந்தது உண்மை. பேதுருவின் வெளிப்பாடு என்று அதற்குப் பெயர். பேதுரு எழுதியதல்ல, இரண்டாம் நூற்றாண்டின் முதல் பாதியில் யாரோ அவர் பெயரில் எழுதியது. ஒளித்த கதைதான் இடிக்கிறது. முரத்தோரிப் பட்டியல் என்று, திருச்சபை ஏற்ற நூல்களின் பழைய பட்டியல் ஒன்று உண்டு. யோவானின் வெளிப்பாட்டையும் பேதுருவின் வெளிப்பாட்டையும் ஏற்கிறோம் என்கிறது அது. கையோடு, பின்னதைச் சபையில் வாசிக்க எங்களில் சிலருக்கு இஷ்டமில்லை என்றும் போட்டு உடைக்கிறது. மறைக்கிறவர்கள் இப்படியா எழுதிவைப்பார்கள்? ஐந்தாம் நூற்றாண்டில்கூட பாலஸ்தீனத்தின் சில ஆலயங்களில் வருஷம் ஒருமுறை, பெரிய வெள்ளியன்று, இதை வாசித்தார்கள் என்று வரலாற்றாசிரியர் சொசோமென் எழுதியிருக்கிறார். அப்புறம் படியெடுக்க ஆளில்லாமல் காணாமல் போனது. 1886-87 குளிர்காலத்தில் எகிப்தின் அக்மீமில் ஒரு கல்லறையிலிருந்து கிரேக்கப் பகுதி கிடைத்தது. முழு வடிவம் எத்தியோப்பியாவின் கீயெஸ் மொழியில்தான் இருக்கிறது. அது இந்த நூல்தான் என்று தெரிந்தது 1910 வாக்கில்.

சரி, நரகம். தூஷித்தவர்கள் நாக்கால் தொங்குகிறார்கள். வட்டி வாங்கியவர்கள் சீழும் இரத்தமும் கொதிக்கும் குட்டையில் முழங்கால் அளவு நிற்கிறார்கள். விதவைகளையும் அநாதைகளையும் கைவிட்ட பணக்காரர்கள் கந்தலோடு, பழுக்கக் காய்ந்த கூர்ங்கற்கள்மேல் புரள்கிறார்கள். (வட்டிக்காரர்களுக்கான குட்டையைப் பற்றி எந்த கன்வென்ஷன் மேடையிலும் நான் கேட்டதில்லை.)

இதே நூலில் பேதுரு அழவும் செய்கிறார். இவர்கள் பிறக்காமலே இருந்திருக்கலாமே என்கிறார். இவர்களைப் படைத்தவரைவிட உனக்கு இரக்கம் அதிகமோ என்று இயேசு அவரைக் கடிந்துகொள்கிறார். அந்த இரக்கம் என்ன என்பது வியன்னாவில் உள்ள ஒரு சின்னக் கிரேக்கத் துண்டில் தெளிவாக வருகிறது: கடவுளால் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் வேதனையில் கிடக்கும் யாருக்காகக் கேட்டாலும், அவரை விடுவித்துத் தருவேன் என்கிறார் கிறிஸ்து. நரகத்திலிருந்து மீட்பு! சிலருக்கு இஷ்டமில்லாமல் போனதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

கீயெஸ் பிரதியில் இந்த வரி மாறிப்போயிருக்கிறது. ஆனால் அதே பிரதியில் இந்த நூலைத் தொடர்ந்து வரும் பகுதியில், பாவிகளுக்குக் கிடைக்கப்போகும் இரக்கத்தை அவர்களிடம் சொல்லாதே, கேட்டால் இன்னும் பாவம் செய்வார்கள் என்று பேதுருவுக்கு உத்தரவு. அந்தக் காணொளிக்காரரிடம் இதைக் காட்டுங்கள். ஒளித்துவைக்கச் சொன்ன விஷயம் ஒன்றாவது அவருக்குக் கிடைக்கும்.